பணியக் கணக்கு மடுவில் இரண்டு மீன்கள்

வெள்ளிக்கிழமை, காலை 7.10. பதுளையில் இருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கட் நூற்றைம்பது ரூபா. ஹாலிஎல தாண்டும்வரை பக்கத்தில் இருந்தவர் ஒரு கோழியை மடியில் வைத்திருந்தார். அது என் சட்டையைக் கொத்திக்கொண்டே வந்தது.

நான் பருத்தித்துறைக்காரன். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்துவிட்டு இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் இருநூறு யார் இருந்தால் அதிகம். ஆனாலும் ஒரு நாளாவது தூண்டில் பிடித்தவன் இல்லை. எனக்கு மீன் என்பது சந்தையில் இருந்து பையில் வருகிற சாமான். இந்த வயதில் மீன் பிடிக்க மலைநாட்டுக்குப் புறப்பட்டதற்குக் காரணம் கனடாவில் இருக்கும் மகள்.

மகளும் மருமகனும் போன வருடம் விடுமுறைக்கு மாலைதீவு போனார்கள். அங்கே முழங்கால் அளவு தண்ணீரில் நின்று ‘போன்ஃபிஷ்’ என்றொரு மீனைப் பிடித்து, படம் எடுத்துவிட்டு, மறுபடி கடலில் விட்டார்களாம். மருமகனுக்கு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. மாலைதீவில் அந்த வேலை பழகிய ஒருவர் பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அதே முறையில் கெண்டை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார் என்று இணையத்தில் கண்டு, மகள் எனக்கு இரண்டு நாள் பதிவு செய்துவிட்டாள்.

“காசு கட்டி மீனைப் பிடிச்சு அதைத் திரும்பவும் விடுறதோ? உங்களுக்கென்ன விசரே?” என்று போனில் கேட்டேன்.

“ஒருக்காப் போய்ப் பாருங்கோப்பா. வீட்டுக்குள்ளேயே இருந்து அம்மாவோட சண்டை கொளுவாமல்” என்றாள்.

காலை 8.40. பண்டாரவளையில் இறங்கினேன். குளிர் காதைப் பிடித்தது. லீக்ஸ் மூட்டை ஏற்றிய லொறிகள் வெலிமடைப் பக்கம் இருந்து வந்து வரிசையாக நின்றன. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஓட்டோ பேசினேன். பதின்மூன்று கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபா. ஓட்டோக்காரர் தோட்டத்தில் பிறந்தவர், வாய் ஓயாதவர். ஒரு வளைவில் மட்டும் வேகத்தைக் குறைத்து எதிர் மலையைக் காட்டினார். பச்சை மலையில், மேலிருந்து கீழ்வரை தோலை உரித்ததுபோல ஒரு சிவப்புக் கோடு.

“அந்தா தெரியுது பாருங்க சார். அங்க ரெண்டு லயம் இருந்துச்சி, எங்காளுங்க வரிசை வீடுங்க. ஒரு விடியக்காலம் மொத்தமா எறங்கிருச்சி” என்றார்.

“எப்ப நடந்தது?”

“ஆறு வருசம் ஆகப்போகுது. கெடச்சவங்கள பொதைச்சாங்க. மூணு பேரு கெடைக்கவே இல்ல.”



காலை 9.30. துரைமார் இருந்த பழைய பங்களாவை விடுதியாக்கியிருக்கிறார்கள். சுவரில் வெள்ளைக்காரர்கள் கெண்டை மீனைப் பிள்ளை தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படங்கள். எனக்குப் பழக்க வந்தவர் பெயர் ரவி. நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெயிலில் வெளுத்த தொப்பி. மாலைதீவில் எட்டு வருடம் படகில் வேலை செய்தவர். இங்கே அவர் வீடு தோட்டத்தின் கீழ்ப் பிரிவில். அதை அவர்கள் பணியக் கணக்கு என்கிறார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று பின்னர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

முதல் பாடம் புல்தரையில். தடி இறகுபோல இலேசு. தங்கூசி நூலின் நுனியில் நூலும் இறகும் சுற்றிய சின்னக் கொக்கி, அதற்கு அவர் வைத்த பெயர் பூச்சி. நான் மாடு விரட்டுவதுபோல வீசினேன். முதல் வீச்சில் என் தொப்பி போனது. மூன்றாவதில் காது போகப் பார்த்தது.

“அடிக்காதீங்க சார், அது கம்பு இல்ல” என்றார் ரவி. “நூலு பின்னால போகட்டும். போயி நிக்கட்டும். அப்புறமா முன்னால விடுங்க. அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது.”

“மாலைதீவில அந்த போன்ஃபிஷ் எப்பிடி?”

“கண்ணாடி மாதிரி சார். தண்ணிக்குள்ள நெழலுதான் தெரியும், மீனு தெரியாது. ஒடம்பு பூரா முள்ளு. அதனால அங்க யாரும் திங்க மாட்டாங்க, புடிச்சி விட்டுருவாங்க.”

“இந்தக் கெண்டையைத் தின்னலாம்தானே?”

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே, “இங்கயும் விட்டுருவோம் சார்” என்றார்.

பிற்பகல் 1.15. தேயிலைக்கு நடுவே செங்குத்தான பாதையில் இருபது நிமிடம் இறங்கினோம். வழியில் தகரக் கொட்டில்கள் மூன்று வரிசை. மண்சரிவுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கென்று போட்டுக் கொடுத்தவையாம். ஒரு வாசலில் வெறும் டின் மீன் பேணிகளில் கறிவேப்பிலைக் கன்று நட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஓடை, ஓடையில் ஒரு பெரிய மடு. வீட்டளவு பாறைகள் ஓடையை மறித்துக்கொண்டு கிடக்க, அதற்குப் பின்னால் தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நின்றது.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? நான் ரவிக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். மேலே சரிந்த மண்ணும் கல்லும் இங்கே வந்து நின்றுதான் இந்த மடு உண்டாகியிருக்கிறது, இதை இயற்கை அணை என்போம், மேலே இருந்த தோட்டத்துக் குளம் உடைந்து அதில் வளர்த்த கெண்டைக் குஞ்சுகளும் இங்கே வந்திருக்கும் என்று கையை நீட்டி நீட்டி விளக்கினேன்.

ரவி முழுவதையும் கேட்டுவிட்டு, “ஆமாங்க சார், அப்படித்தான் வந்துச்சி” என்றார்.

தண்ணீர் தெளிந்த இடத்தில் கெண்டைகள் தெரிந்தன. என் முழங்கை நீளம், சில அதற்கும் மேல். மனிதரைக் கண்டு பயப்படாத மீன்கள். எங்கள் ஊரில் என்றால் ஒரு கிழமையில் மடு வெறுமையாகியிருக்கும். மேலே மூன்று வரிசைக் கொட்டில்களில் சனம் டின் மீனும் நெத்தலிக் கருவாடும் தின்கிறது. இங்கே இவை கொழுத்துத் திரிகின்றன.

“உங்கட ஆக்கள் இதைப் பிடிக்கிறேல்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லைங்க சார்.”

பங்களாக்காரர்களின் தடை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

பிற்பகல் 3.50. முதல் மீன். பூச்சி விழுந்த இடத்தில் தண்ணீர் ஒருமுறை குழிந்தது. “இப்ப தூக்குங்க சார்!” என்றார் ரவி. தடி வளைந்து என் கையோடு சேர்ந்து துடித்தது. அறுபது வயதில் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. கால் மணி நேரம் அது என்னைக் கரை நெடுக இழுத்தது. கடைசியில் ரவி கைவலையால் ஏந்தினார். எங்கள் ஊரில் அதை அத்தாங்கு என்போம். பித்தளை நிறத்தில், மூன்று கிலோ தேறும்.

ரவி அதைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே இல்லை. கொக்கியைக் கழற்றி, வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, முகம் நீரோட்டத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. மீன் மெதுவாக வாலை ஆட்டிப் போனது. அது போன பிறகும் அவர் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

“வெள்ளைக்காரன்ர சட்டம் நல்லாத்தான் இருக்கு” என்று பகிடி விட்டேன்.

“சட்டம்னு இல்ல சார். போகட்டும்.”

பிறகு பாறையில் இருந்து போத்தல் தேநீர் குடித்தோம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

“ஒரு பொண்ணு. கீர்த்தனா. ஒம்பது வயசு” என்றார். எந்த வகுப்பு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார். “மண்ணுல போயிட்டா சார். வீட்டுக்காரி காலையில பெரட்டுக்குப் போயிருந்தா, வேலைக்குப் பேரு குடுக்க. புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சி. நான் மாலைதீவுல ஒரு வெள்ளைக்காரனோட தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சி.”

“கிடைச்சதோ?” என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “வீட்டுக்காரி இன்னும் கருமாதி பண்ண விடல. எதப் பாத்து பண்றதுன்னு கேக்குறா.”

என் அக்காவின் மகன் சுனாமியில் போனவன். அவனும் கிடைக்கவில்லை. அதை ரவியிடம் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க மனம் பொறுக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றே ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணத்தில்தான் வினை பிடித்தது.

சனிக்கிழமை. காலை முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. தூறல். மலையில் மேகம் இறங்கிச் சிவப்புக் கோட்டை மறைத்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ரவி, “சாயந்தரம் நம்ம வீட்டுல ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார். மகேஸ்வரி வரச் சொல்லிச்சி” என்றார். மகேஸ்வரி அவர் மனைவி.

பிற்பகல் 3.05. பங்களாவில் இருந்து போன் வர, சிக்னல் தேடி ரவி மேலே பாறைக்கு ஏறினார். அவர் தேயிலைக்குள் மறைந்து கொஞ்ச நேரத்தில் என் தடி வளைந்தது. இம்முறை யார் உதவியும் இல்லாமல், விழுந்தெழும்பி, முழங்கால் தேய்ந்து, அத்தாங்கில் ஏந்திவிட்டேன். முதல் மீனைவிடச் சற்றுச் சிறியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டோம். துடிக்கிற மீன் கொண்டு போனால் அதைவிட மரியாதை இல்லை. பங்களாக்காரனின் மீனில் ஒன்று குறைந்தால் யாருக்கு நட்டம்? டின் மீன் தின்கிற வீட்டில் ஒரு நாளாவது நல்ல கறி கொதிக்கட்டுமே என்று நினைத்தேன். சந்தையில் மீன்காரிகள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கல்லில் தலையை இரண்டு தரம் அடித்தேன். ஓடையோரப் பன்னச் செடியின் இலையில் சுற்றி, துவாயில் பொதிந்து, பைக்குள் வைத்தேன். ரவி திரும்பி வந்து, “ஒண்ணும் கடிக்கலையா சார்?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். உள்ளுக்குள் கலியாண வீட்டுக்குப் போகிறவன்போலச் சந்தோசமாக இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மாலை 4.50. ரவியின் கொட்டிலில் ஒரு அறை, ஒரு அடுப்படி. மகேஸ்வரி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம் இன்னும் இருந்தது. “வாங்க சார், ஒக்காருங்க” என்று ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் பிள்ளையின் படம். அதற்கு மாலை இல்லை, விளக்கும் இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் படம்போல மாட்டியிருந்தது.

ரவி வெளியே கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து பொதியை நீட்டினேன்.

“என்னங்க சார் இதெல்லாம்?”

“மீன், பிள்ளை. கறி வையுங்கோ.”

அவர் முகம் மலர்ந்தது. “பண்டாரவளையிலயா வாங்கினீங்க? கடல் மீனா சார்?”

“இல்லையில்லை. உங்கட மடுவில நான் பிடிச்சது. ரவிக்கும் தெரியாது” என்று பெருமையாகச் சொன்னேன்.

மகேஸ்வரி பொதியைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். “இங்க வாங்க” என்று வெளியே பார்த்துச் சொன்னார். சத்தமாகக்கூட இல்லை.

ரவி வந்து துவாயை விலக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏன் சார்?” என்றார்.

நான் ஏதேதோ சொன்னேன். பங்களாவில் தெரிந்தால் நான் பொறுப்பு, காசு கட்டுகிறேன் என்றெல்லாம் உளறினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பங்களாக்காரங்களுக்கு என்ன சார். அவங்க மொதல்ல புடிச்சி பொரிச்சிக் குடுக்கலாம்னுதான் இருந்தாங்க. நான்தான், திருப்பி விடுறதா இருந்தா வேலைக்கு வர்றேன், இல்லாட்டி வரலன்னேன். நான் நின்னா வேற யாரும் தொட மாட்டாங்கல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்கதானே சார் நேத்து சொன்னீங்க, மேல சரிஞ்ச மண்ணு பூரா இங்கதான் வந்து நின்னுச்சின்னு” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண் சரிந்தால் எங்கே போய் நிற்கும் என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். அந்தக் கரையிலேயே நின்று கைநீட்டி விளக்கியவன். அந்த மண்ணோடு வந்த பிள்ளை எங்கே என்று யோசிக்கவில்லை. அந்த மூன்று பேரும் மடுவில்தான் இருக்கிறார்கள். அதனால்தான் பணியக் கணக்கில் ஒருவரும் அந்த மீனைத் தொடுவதில்லை. யாரும் போட்ட தடை இல்லை அது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுகூட இல்லையாம்.

“இத வெட்ட முடியாது” என்றார் மகேஸ்வரி.

“திருப்பி விடவும் முடியாது, செத்துருச்சி” என்றார் ரவி.

“நாய்க்குப் போட்டுறாதீங்க.”

பிறகு மகேஸ்வரி துவாயை எடுத்துவிட்டு, மீனை ஒரு வாழையிலையில் கிடத்தி மூடினார். ரவி மண்வெட்டியை எடுத்தார். கொட்டிலுக்குப் பின்னால், வாழைக்குப் பக்கத்தில் தோண்டினார். ஒரு மீனுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. அவர் தோண்டிக்கொண்டே போனார்.

மண்வெட்டிச் சத்தத்துக்குப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். இலைக்கு வெளியே வால் தெரிந்தது. மகேஸ்வரி குழிக்குள் வைத்துவிட்டு மூன்று கைப்பிடி மண் போட்டார். ரவி போட்டார். வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து போட்டார்கள். ஆறு வருடமாக அந்தப் பெண் கருமாதிக்குச் சம்மதிக்காதவர், எதைப் பார்த்துச் செய்வது என்று கேட்டவர். அன்று தன் கையால் மண் போட்டார். குழிக்குள் இருந்தது நான் கல்லில் அடித்துக் கொன்ற கெண்டை.

நான் தள்ளி நின்றேன். ஓடிவிடலாம்போல இருந்தது.

“நீங்களும் போடுங்க சார்” என்றார் மகேஸ்வரி.

போட்டேன். ஈர மண் கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். பக்கத்துப் பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியொரு அழுகையை நான் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், அக்காவிடம். அழுது முடித்து, முகம் கழுவி, “தேத்தண்ணி ஆறிப்போச்சி. வேற ஊத்தித் தர்றேன்” என்று அடுப்படிக்குப் போனார். அந்தத் தேநீரை நான் குடித்தேன். குடிக்காமல் எழும்பி வர எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை 6.45. அதே ஓட்டோ. வாசலுக்கு வந்த ரவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “தெரியாமத்தானே சார் செஞ்சீங்க” என்றார். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “ராத்திரி பூரா மகேஸ்வரி படத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சி. காலையில, வெளக்கு வைக்கலாமான்னு கேட்டுச்சி” என்றார். அது நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வளைவில் ஓட்டோ வேகத்தைக் குறைத்தது. நான் எதிர் மலையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் வீட்டில் இருந்தேன். நான் வருகிறேன் என்று மனைவி விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அக்கா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு வேறு சட்டியில் கத்தரிக்காயும் பருப்பும். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இரண்டு சட்டிதான். வருகிறவர்களிடம் ‘அக்கா சைவம்’ என்று சொல்லிக்கொள்வோம். சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பிவிட்டேன். சுனாமி முடிந்து எட்டு மாதம் எங்கள் தெருவில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. பிறகு ஒவ்வொரு வீடாகத் தொடங்கினோம். முதல் நாள் குழம்பு ருசியாக இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தொடங்காதது அக்கா மட்டும். கொஞ்சம் பிடிவாதக்காரி என்று நான் மனைவியிடம் பலதடவை சொல்லியிருக்கிறேன்.

அன்று குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவின் சட்டியில் இருந்து போட்டுக்கொண்டேன். அக்கா என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க மீன் பிடிச்சனியோ?” என்றார்.

“ஒண்டு பிடிச்சனான். பிடிச்சிட்டுத் திரும்பத் தண்ணியில விட்டிட்டம்” என்றேன்.

“நல்ல காரியம்” என்றார் அக்கா. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்.

மற்ற மீனைப் பற்றி நான் சொல்லவில்லை.